சாமிக்குக் காய்ச்சல் வந்திருக்குமா? (வாசகர் கேள்வி பதில்)

டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி பெத்லகேமைப் பற்றியவைதான். கேரல் ரவுண்ட்ஸுக்கு யார் வீட்டில் காப்பி, யார் வீட்டில் கேக் என்று சபையார் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், சிலராவது உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறீர்கள். தேவன் மனிதனானதைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொள்கிறேன். தசமபாகச் சண்டைகள் ஜனவரிக்குக் காத்திருக்கட்டும்.

ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு பையன், "டீச்சர், இயேசு சாமி சின்னப் பிள்ளையா இருந்தப்போ அவருக்குக் காய்ச்சல் வந்திருக்குமா?" என்று கேட்டான். "அவர் தேவகுமாரன், அவருக்கு நோயெல்லாம் வராது" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். நான் சொன்னது சரிதானே ஐயா?
– ஓர் ஆசிரியை, நாசரேத்

பையன் கேட்டது சரி. நீங்கள் சொன்னதுதான் சரியில்லை அம்மா.

காய்ச்சல் வந்தது என்று சுவிசேஷத்தில் எழுதியில்லை. ஆகவே வந்தது என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் "வராது" என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவருக்குப் பசித்தது, அத்திமரத்தில் பழம் தேடிப் போனார். சமாரியாவில் நடந்து களைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்தார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். லாசருவின் கல்லறைக்கு முன்னால் கண்ணீர் விட்டார். ஈட்டியால் குத்தினபோது இரத்தமும் தண்ணீரும் வந்தது. இத்தனையும் ஒத்துக்கொள்கிற நாம் ஒரு காய்ச்சலுக்கு ஏன் பயப்படுகிறோம்?

நம் சபைகளில் கிறிஸ்மஸ் நாடகம் பார்த்திருப்பீர்கள். முன்னணையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை கிடக்கும். அது பால் குடிக்காது, அழாது, துணி நனைக்காது. நம்முடைய பிள்ளைகள் பாடும் ஆங்கிலக் கேரல் ஒன்றில்கூட மாடு கத்தினாலும் குழந்தை அழவில்லை என்று ஒரு வரி வருகிறது. எழுதினவருக்குப் பிள்ளை வளர்த்த அனுபவம் இல்லையோ என்னவோ. மாடு கத்தி விழித்த பச்சைப்பிள்ளை அழாமல் இருந்தால் தாய்க்குத்தான் நெஞ்சு பதறும்.

இது புதிதாக வந்த சிக்கலும் இல்லை. இயேசுவுக்கு உடம்பு என்று ஒன்று இருந்ததுபோலத் தோன்றியதே தவிர உண்மையில் இல்லை, பாடுபட்டதுபோலத் தெரிந்ததே தவிர வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு முதல் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்; தேவனுக்கு இந்த அசுத்தமெல்லாம் ஒட்டக்கூடாதாம். அவர்களை நினைத்துத்தான் யோவான் தன் முதலாம் நிருபத்தில், இயேசுகிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்று அறிக்கைபண்ணாத ஆவி தேவனால் உண்டானதல்ல என்று கடுமையாக எழுதினார். அதற்குச் சில வருஷம் கழித்து அந்தியோகியாவின் பேராயர் இக்னாத்தியுவைப் பத்துப் போர்வீரர் காவலில் ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள், காட்டு மிருகங்களுக்கு இரையாகப் போட. வழியில் இருந்துகொண்டே சபைகளுக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்து பாடுபட்டது வெறும் தோற்றம் என்றால் நான் எதற்காக விலங்கு பூட்டப்பட்டிருக்கிறேன் என்று அதில் கேட்கிறார். சிங்கத்தின் வாய்க்குப் போகிறவர் கேட்கிற கேள்வி அது. பொம்மைக் குழந்தையை வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்ல முடியாது.

தேரிக்காட்டு ஓரமாக இருந்த ஒரு சேகரத்தில் நான் ஊழியம் பார்த்தபோது, பனையேறி ஒருவர் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரியில் வந்து கூப்பிட்டார்கள். ஓலைக் குடிசை. பதநீர் காய்ச்சின அடுப்பின் அனல் உள்ளே இன்னும் இருந்தது. தாய் ஈரத்துணியைப் பிள்ளையின் நெற்றியில் போடுகிறாள், சூடேறினதும் எடுத்துப் பிழிகிறாள், திரும்பப் போடுகிறாள். நான் ஜெபம் பண்ணி முடித்து எழுந்தபோது கேட்டாள்: "ஐயரே, மரியாளும் இப்பிடி ராத்திரி முழிச்சிருந்திருப்பாளோ?"

"முழிச்சிருந்திருப்பா" என்றேன்.

"அப்பம் அவருக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துணியைப் பிழியப் போய்விட்டாள். விடிந்ததும் பிள்ளையைத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைத்துக்கொண்டான். எபிரெயருக்கு எழுதின நிருபம் நம்முடைய பலவீனங்களைக்குறித்துப் பரிதபிக்கிற பிரதான ஆசாரியரைப் பற்றிச் சொல்கிறதே, அதற்கு அந்த அம்மாள் சொன்னதைவிட நல்ல வியாக்கியானம் நான் படித்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனை எழுப்பி நிறுத்தி, "வந்திருக்கலாம்டே, அவரும் நம்மளை மாதிரிதான் வளந்தாரு" என்று சொல்லுங்கள். இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் விருத்தியடைந்தார் என்று லூக்கா 2:52 சொல்கிறது. வளர்கிற பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முழுமையான தேவன், முழுமையான மனிதன் என்கிறோம். நூறும் நூறும் இருநூறு. ஓர் ஆளுக்குள் இருநூறு சதவீதம் எப்படி வரும்? நான் கணக்கு படிக்கிறவன்.
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, 451-ல் கல்கெதோனில் கூடின பேராயர்களும் இதில்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்த ஊர் இன்றைக்கு இஸ்தான்புல் நகரத்துக்குள் ஒரு பகுதி. அதற்கு முந்தின நூறு வருஷமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தபடியே இருந்தார்கள். லவோதிக்கேயாவின் அப்பொலினாரி என்ற பேராயர், உடம்பு மனித உடம்பு, ஆனால் உள்ளே மனித புத்தி இருந்த இடத்தில் தேவனுடைய வார்த்தையே இருந்தது என்று சொன்னார். கேட்கச் சுலபமாக இருக்கிறது இல்லையா? நம் சபைகளில் பாதிப்பேர் பெயர் தெரியாமலேயே அப்பொலினாரியின் சீஷர்கள்தான்.

அப்படியானால் கெத்செமனேயில் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று வேர்த்து விறுவிறுத்து ஜெபித்தது யார்? அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13-ல் சொன்னது யார்? நசியான்சு ஊர் கிரகோரி அப்பொலினாரிக்கு ஒரே வரியில் பதில் எழுதினார்: எதை அவர் தம்மேல் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. யோசித்துப் பாருங்கள், நம்மிடம் முதலில் கெட்டுப்போனதே மனதுதான். அதை விட்டுவிட்டு எலும்பையும் தோலையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் நமக்கு என்ன பிரயோஜனம்? 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடின சங்கம் அப்பொலினாரியின் போதனையைத் தள்ளிவிட்டது.

கல்கெதோனில் அவர்கள் எழுதிவைத்ததைப் படித்தால் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். எப்படி என்று அவர்கள் விளக்கவே இல்லை. ஒரே கிறிஸ்து, இரண்டு சுபாவங்கள். ஒன்றோடொன்று கலவாமல், மாறாமல், பிரிவுபடாமல், விலகாமல். நான்கும் "இல்லை" என்கிற பேச்சு. இதற்கு மேல் பேசினால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

உங்கள் கணக்கில் ஒரே ஒரு பிசகு. தேவனும் மனிதனும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிற இரண்டு பொருள்கள் என்று வைத்துக்கொண்டு கூட்டுகிறீர்கள். நானும் நீங்களும் ஒரு நாற்காலியில் உட்கார முடியாது. தேவன் அப்படி இடத்தை அடைக்கிறவர் அல்ல. அவர் வந்ததனால் இயேசுவுக்குள் மனிதத்தன்மை கொஞ்சமும் குறைய வேண்டிய அவசியம் வரவில்லை.

கல்கெதோனை ஒத்துக்கொள்ளாமல் எகிப்து, சீரியா, அர்மீனியா சபைகள் பிரிந்துபோயின. கேரளத்து யாக்கோபாய, ஆர்த்தடாக்ஸ் சபையார் அந்த வழி வந்தவர்கள். ஆனால் 1984-ல் போப் இரண்டாம் ஜான் பாலும் சீரிய ஆர்த்தடாக்ஸ் முதற்பிதா முதலாம் சாக்காவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, சொல்லுகிற விதம்தான் வேறு, விசுவாசம் வேறல்ல என்று அறிவித்தார்கள். அதற்குள் ஆயிரத்தைந்நூறு வருஷம் ஓடிவிட்டது.

சின்ன வயதில் இயேசு களிமண்ணில் குருவி செய்து பறக்கவிட்டார் என்று என் இஸ்லாமிய நண்பர் சொல்கிறார். நம் வேதத்தில் அது எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

நம் வேதத்தில் இல்லை. குர்ஆனில் இருக்கிறது. அதற்கு முன்பே தோமாவின் பெயரில் உலவின ஒரு பாலிய சுவிசேஷத்திலும் இருக்கிறது; சபை அதை வேதமாக ஏற்கவில்லை. அந்தப் புத்தகத்தில் சிறுவன் இயேசு தன்மேல் மோதின பையனைச் சபித்துச் சாகடிக்கவும் செய்கிறார். நான்கு சுவிசேஷங்களும் நாசரேத்து வருஷங்களைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் ஒரு காட்சி, பிறகு தச்சுவேலை, அவ்வளவுதான். எனக்கு அது போதும். உங்கள் நண்பரோடு சண்டை வேண்டாம். மரியாளின்மேல் அவர்களுக்கு இருக்கிற மரியாதை நம்மில் பலருக்கு இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர், "எங்களுக்கும் அவதாரங்கள் உண்டு, உங்களுக்கு ஒன்று, எங்களுக்குப் பத்து" என்று சிரிக்கிறார். அவர் வாயை அடைக்க ஒரு பதில் தாருங்கள்.
– வங்கி ஊழியர், சென்னை

வாயை அடைக்கும் பதில் என்னிடம் இல்லை. மத்தியான சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு வேண்டுமானால் கொஞ்சம் சரக்கு தருகிறேன்.

முதலில், "எங்கள் தேவன் மட்டும்தான் அழுதார், எங்கள் தேவன் மட்டும்தான் செத்தார்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். சீதையைப் பறிகொடுத்த இராமன் அழுகிறான். கண்ணன் வேடனுடைய அம்பு பட்டு உடலை விடுகிறான். நண்பர் இதைத் தெரிந்து வைத்திருந்தால் நீங்கள் முழிக்க வேண்டியதுதான்.

சென்னையிலேயே இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. வி. சக்கரை செட்டியார். வக்கீல், தொழிற்சங்கத் தலைவர், 1941-ல் சென்னை மேயர். இளவயதில் ஞானஸ்நானம் பெற்றவர். இயேசுவை அவதாரம் என்றே அழைத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். மற்ற அவதாரங்கள் வந்த காரியம் முடிந்ததும் போய்விடுகின்றன. இயேசுவோ உயிர்த்தெழுந்த பின்னும் மனிதனாகவே இருக்கிறார், விசுவாசிகளுக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பது அவர் வாதம். எங்கள் பாளையங்கோட்டையில் பிறந்து, பிற்காலத்தில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமியும் பக்தி மார்க்கத்தின் வழியாகவே கிறிஸ்துவைப் பேசினவர். ஆகவே உங்கள் நண்பர் சிரிப்பதை ஏளனமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்தச் சிரிப்பிலேயே ஒரு வாசல் திறந்துதான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். சைவர்களுக்கு சிவன் பிறப்பதே கிடையாது. "பிறவா யாக்கைப் பெரியோன்" என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. தேவன் ஒரு பெண்ணின் வயிற்றில் பத்து மாதம் இருந்தார் என்றால் சைவ சித்தாந்தி முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பை நான் மதிக்கிறேன். அலெக்சாந்திரியாவின் ஆரியுஸுக்கும் ஏறக்குறைய அதே கூச்சம்தான். ஆதி தேவன் இவ்வளவு தூரம் இறங்கமாட்டார், இறங்கினவர் படைக்கப்பட்ட ஒருவராகத்தான் இருக்க முடியும் என்றார். 325-ல் நிசேயா சங்கம் கூடி, இல்லை, வந்தவர் பிதாவோடு ஒரே தன்மையுள்ள மெய்யான தேவன் என்று அறிக்கையிட்டது. திருவிருந்து ஆராதனையில் நாம் கடகடவென்று ஒப்பிக்கிறோமே, அந்தப் பிரமாணம் இந்தச் சண்டையில் பிறந்ததுதான்.

ஆனால் பிறவாத அந்த சிவனே மதுரையில் கூலியாளாக வந்த கதையும் தமிழனுக்குத் தெரியும். வைகையில் வெள்ளம். வந்திக் கிழவியின் பங்குக்கு மண் சுமக்க ஒரு கூலியாள் வருகிறான். கூலி உதிர்ந்த பிட்டு. வேலை செய்யாமல் படுத்துத் தூங்குகிறான். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி ஊரிலுள்ள எல்லார் முதுகிலும் விழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. தேவன் அடி வாங்கினால் எப்படி இருக்கும் என்று நம் மண்ணில் யாரோ ஒருவர் கனவு கண்டிருக்கிறார். அடுத்த வரியைக் கவனியுங்கள்: ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டுக் கூலியாள் மறைந்துபோகிறான். சிலுவை நட்ட கொல்கொதாவில் அடி வாங்கினவர் மறைந்துபோகவில்லை. அடி மற்றவர் முதுகிலும் விழவில்லை. அவர்மேலேயே விழுந்தது, செத்தார், புதைத்தார்கள்.

இது நடந்தது ஒரு ரோம அதிகாரியின் காலத்தில். பொந்தியு பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன். 1961-ல் செசரியாவில் அவன் பெயர் வெட்டின கல் ஒன்று கிடைத்திருக்கிறது. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் இந்த ஆளின் பெயரை ஏன் சொல்கிறோம்? தேவன் மனிதனானார் என்பதற்கு நாங்கள் ஒரு தேதி வைத்திருக்கிறோம் என்று சொல்லத்தான்.

நண்பரிடம் கீதையின் நான்காம் அத்தியாயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்லவர்களைக் காக்கவும் தீயவர்களை அழிக்கவும் யுகந்தோறும் வருகிறேன் என்கிறான் கண்ணன். "பாவிகளை இரட்சிக்க கிறிஸ்து இயேசு உலகத்தில் வந்தார்" என்று பவுல் எழுதுகிறார். அந்தப் பாவிகளில் பிரதான பாவி நான் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அழிக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்குமோ என்று பயந்தவனுக்கு இந்த வித்தியாசம் உயிர்போகிற வித்தியாசம். இதை வாயை அடைக்கும் குரலில் சொல்ல முடியாது, நண்பரோடு பிட்டுத் தின்றுகொண்டே சொல்லலாம்.

டிசம்பர் 25-தான் இயேசு பிறந்த நாளா?
– பலர், பல ஊர்

சுவிசேஷத்தில் தேதி இல்லை. 354-ம் ஆண்டு ரோம நாட்காட்டி ஒன்றில் டிசம்பர் 25 இருக்கிறது. அர்மீனியர் இன்றும் ஜனவரி 6-ல் கொண்டாடுகிறார்கள். பிறந்தார் என்பதில் சண்டை இல்லை.

மன்னிக்கிறதென்றால் தேவன் பரலோகத்திலிருந்தே மன்னித்திருக்கலாமே. ஏன் இவ்வளவு பாடு?
– ஓய்வுபெற்ற அரசு அலுவலர், கோயம்புத்தூர்

மன்னிப்பு என்பது ஒரு கையெழுத்து என்று நினைத்தால் உங்கள் கேள்வி நியாயமே. கோப்பு வரும், "மன்னிக்கப்பட்டது" என்று எழுதி அனுப்பிவிடலாம். அலுவலகத்தில் இருந்தவர் நீங்கள், அப்படித் தீர்ந்த எத்தனை காரியங்கள் உண்மையில் தீரவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அதனாசியு இதற்குப் பதில் எழுதினார். நிசேயாவுக்கு வெறும் உதவிக்குருவாக வந்தவர். பிற்பாடு அலெக்சாந்திரியாவின் பேராயராகி, இந்த விசுவாசத்துக்காக ஐந்து தரம் நாடு கடத்தப்பட்டவர். பாவம் வெறும் குற்றமாக இருந்திருந்தால் மனந்திரும்புதல் போதும், ஆனால் மனிதன் அழிவுக்குள்ளேயே விழுந்துவிட்டான், சாவு அவன் உடம்புக்குள் குடியேறிவிட்டது என்பது அவர் வாதம். வெளியே நின்று உத்தரவு போட்டால் சாவு போகாது. ஜீவன் உடம்புக்குள்ளேயே வரவேண்டும். அவர் ஓர் உவமை சொல்கிறார்: ஒரு பேரரசன் பெரிய நகரத்தில் ஏதோ ஒரு வீட்டில் வந்து தங்கினால் போதும், நகரம் முழுவதற்கும் அந்தக் கனம் வந்துவிடும், கொள்ளைக்காரன் கிட்டே வரமாட்டான். எல்லா மனிதருடைய உடம்பும் சேர்ந்த நகரத்தில் ஒரு வீடுதான் அவர் எடுத்துக்கொண்டது.

அதுவும் எந்த வீடு? பிள்ளை பிறந்து எருசலேமில் பலி கொடுக்கப் போனபோது யோசேப்பும் மரியாளும் கொண்டுபோனது ஒரு ஜோடு புறா என்கிறான் லூக்கா. லேவியராகமம் 12-ஐப் புரட்டிப் பாருங்கள். ஆட்டுக்குட்டி கொடுக்கச் சக்தியில்லாதவர்களுக்கு வைத்த சலுகை அது.

மஸ்கட்டில் முதியோர் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, இதிலேயே பொழுது போகிறது. ரூமுக்கு வந்தால் வேதத்தைத் திறந்தபடி தூங்கிவிடுகிறேன். என் ஆவிக்குரிய ஜீவியம் செத்துவிட்டதோ?
– ஒரு மகள்

மகளே, உடம்பைத் தொடுகிற வேலை கீழான வேலை, ஜெபம்தான் மேலான வேலை என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எங்களைப் போன்ற பிரசங்கிமார்தான் சொல்லியிருப்போம். தேவகுமாரன் பெற்றவள் கையால் துணியில் சுற்றப்பட்டார், செத்தபின் அரிமத்தியா ஊர் யோசேப்பு, நிக்கொதேமு கையால் துணியில் சுற்றப்பட்டார். இரண்டு தரமும் அந்த வேலை செய்தவர்கள் தேவனையே தொட்டார்கள்.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் வந்தபோது, நோயாளிகளை வீட்டார் தெருவில் தள்ளிவிட்டு ஓடினார்கள். கிறிஸ்தவர்கள் அவர்களைத் தூக்கி மடியில் கிடத்தி, கழுவி, கண்ணை மூடி அடக்கம் பண்ணினார்கள், அதே நோயில் தாங்களும் செத்தார்கள் என்று அந்த ஊர்ப் பேராயர் தியொனீசியு எழுதிவைத்திருக்கிறார். கல்கெதோனும் வரவில்லை, நிசேயாவும் வரவில்லை அப்போது. உபதேசத்தைக் கையால் படித்தவர்கள் அவர்கள்.

வேதத்தைத் திறந்துவைத்துத் தூங்குகிறேன் என்கிறாய். மூடிவைத்துவிட்டு நன்றாகவே தூங்கு. அலை படகில் மோதும்போது தலையணை வைத்துத் தூங்கினவரை மாற்கு நமக்குக் காட்டுகிறான். லீவு நாளில் ஒரு சங்கீதம் சத்தமாக வாசி. வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் உனக்கென்று கொஞ்சம் எடுத்து வை. அதையும் ஐயர் சொன்னார் என்று உன் அப்பாவிடம் சொல்.

என் மருமகள் ஆர்.சி. ராத்திரி ஜெபத்தில் "இறைவனின் தாயே" என்று சொல்கிறாள். தேவனுக்கு ஏது தாய் என்று நான் கேட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் சொன்னது தப்பா?
– ஒரு மாமியார், பாளையங்கோட்டை

ஆமாம் அம்மா, தப்பு. கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயர் நெஸ்தோரியுவும் உங்களைப் போலவே அந்தப் பட்டத்தை எதிர்த்தார். 431-ல் எபேசு சங்கம் அவர் பதவியையே பறித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை.

மரியாளுக்கு முன்னால் தேவன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் மகனைப் பெற்றீர்கள். அவன் உடம்பை மட்டும் நான் பெற்றேன், ஆத்துமா தேவன் தந்தது, ஆகையால் பாதி மகனுக்குத்தான் நான் தாய் என்று சொல்வீர்களா? பெறுகிறவள் ஆளைப் பெறுகிறாள். மரியாள் பெற்ற ஆள் யார்? தேவகுமாரன். அவர் தேவன் என்று நீங்கள் விசுவாசித்தால் அவள் யாருக்குத் தாய் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எலிசபெத்தும் "என் ஆண்டவருடைய தாயார்" என்றுதான் அவளை வரவேற்றாள், லூக்கா 1:43. மரியாளிடம் வேண்டிக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. அதில் எனக்கும் உங்கள் மருமகளுக்கும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அந்தப் பட்டத்தில் அவள் பக்கம்தான் நியாயம்.

கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டில் குடில் வைப்பார்கள். வைக்கோலும் பாசியும் வாங்கிக்கொடுத்து, நீங்களே போய் உட்கார்ந்து கட்டிக்கொடுங்கள். பேச்சு தானாக வந்துவிடும்.